நெய்யூர் மருத்துவமனை: ஒரு வட்டார மருத்துவப் பணியின் வரலாறு

திருவனந்தபுரம் நகரின் பழவங்காடியிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படுவோர் நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், தக்கலை ஆகிய ஊர்களைக் கடந்து நாகர்கோவிலை அடைவர். தக்கலைக்கு அருகில் உள்ள நெய்யூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரை இந்த இரு ஊர்களும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. பழைய திருவிதாங்கூரின் தென்பகுதி மக்களுக்கு நெய்யூர் மருத்துவமனை பல தலைமுறைகளாக ஆற்றிவரும் பணி, மருத்துவ நிருவாகம் பயில்வோர் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

தொடக்கமும் தடையும்

இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1838ஆம் ஆண்டில் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவர் விலகவே பணி நின்றுபோயிற்று. அடுத்து வந்த டாக்டர் சார்லஸ் லீச் அதனை மீண்டும் தொடங்கினார். ஆனால் 1854இல் அவர் கடலில் நீராடுகையில் மூழ்கி இறந்தார். அதன்பின் 1861இல் டாக்டர் ஜான் லோ வந்து சேரும் வரை நிலையான மருத்துவர் அமையவில்லை.

முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலான இவ்வரலாறு ஒரு குறைபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. நிலையம் முழுவதும் தனியொரு மருத்துவரைச் சார்ந்திருந்தது. அவர் நீங்கியபோது நோயாளரும் ஆதரவிழந்தனர்.

உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி

இக்குறையை நீக்க டாக்டர் லோ மேற்கொண்ட வழி, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளிப்பதாகும். 1860களில் அவர் ஒரு மருத்துவ வகுப்பை ஏற்படுத்தினார். உடற்கூறு, மருந்தியல், அறுவை முறைகள் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. மாணவர்கள் நோயாளரின் படுக்கை அருகிலேயே செயல்முறைப் பயிற்சியும் பெற்றனர்.

இம்முயற்சியின் பயன் விரைவிலேயே வெளிப்பட்டது. 1868இல் லோ தாயகம் திரும்பினார். 1873இல் டாக்டர் தாம்சன் வரும் வரை, அவரிடம் பயின்ற உள்ளூர் உதவியாளர்களே பணியைத் தொடர்ந்து நடத்தினர். முன்பு மருத்துவர் இன்றி நின்றுபோன பணி, இம்முறை நிற்கவில்லை.

பயிற்சி பெற்றோர் பெருகியதால் கிளை மருத்துவ நிலையங்களைத் திறப்பதும் எளிதாயிற்று. மார்த்தாண்டத்திலும், வடக்கே கொல்லத்தை அடுத்த குண்டராவிலும், வேறு பல ஊர்களிலும் கிளைகள் அமைந்தன. சாதாரண நோய்களுக்குக் கிளையிலேயே மருத்துவம் செய்யப்பட்டது. கடினமான அறுவை தேவைப்படுவோர் நெய்யூருக்கு அனுப்பப்பட்டனர். ஆரம்ப சுகாதார நிலையம், வட்ட மருத்துவமனை, மாவட்ட மருத்துவமனை என்று இன்று நாம் காணும் படிநிலை அமைப்பினை 1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. அதன் சாயலைச் சிறிய அளவில் இங்கு முன்னரே காணலாம்.

1922ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம்பெற்ற அறுவை மருத்துவர் டி. ஹோவர்டு சாமர்வெல், பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூருக்கு வந்தார். அங்கு ஒரே அறுவை மருத்துவர் பெருந்திரளான நோயாளருக்கிடையே தவிப்பதைக் கண்டு, அவ்வூரிலேயே பணிபுரியத் தீர்மானித்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்குப் பணியாற்றிய பின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார்.

பதிவேடுகள் உணர்த்திய உண்மை

நெய்யூரின் மற்றொரு சிறப்பு, நோயாளர் பதிவேடுகளைப் பேணியதாகும். அங்குப் பணியாற்றிய டாக்டர் பென்டால், 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பினை 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர்களுள் பெரும்பாலோர் வாய்ப் புற்றுநோய் உற்றவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் புகையிலை சேர்த்து மென்று கன்னத்தில் அடக்கி வைக்கும் வழக்கம் இப்பகுதியில் பரவலாக இருந்தது. இவ்வழக்கத்திற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை டாக்டர் ஆர் 1933இல் லான்செட் இதழில் விரிவாக ஆராய்ந்தார்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிக்கும் என 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாத தாம்பூலமும், பாக்கும் அத்தன்மையவே என்று 2004இல் வெளியிட்டது. ஒரு கிராமப்புற மருத்துவமனை பதிவு செய்த செய்தியை உலகம் முற்றிலும் ஏற்றுக்கொள்ள முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த ஆய்வு

வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளுடன் தொடங்குகிறது. வாயினுள் தோன்றும் வெண்படலம், செம்படலம், ஆறாத புண், வாயை அகலத் திறக்க இயலாமை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. விளக்கொளியில் வாயைப் பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. அவ்வாறாயின், பயிற்சி பெற்ற பணியாளர் வீடுதோறும் சென்று பார்த்தால் உயிரிழப்பு குறையுமா என்ற வினா எழுந்தது.

திருவனந்தபுரத்தில் 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் இவ்வினாவை ஆராய்ந்தது. 1996இல் தொடங்கிய இவ்வாய்வில், மாவட்டத்தின் 13 ஊராட்சிப் பகுதிகள் இரு பிரிவுகளாக்கப்பட்டன. ஒரு பிரிவில் 35 வயதிற்கு மேற்பட்டோரின் வாயை மருத்துவரல்லாத பட்டதாரிப் பணியாளர்கள் பரிசோதித்தனர். ஐயத்திற்குரியவர்கள் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். மற்றப் பிரிவில் வழக்கமான சேவையே தொடர்ந்தது. முடிவுகள் 2005இல் வெளியாயின. புகையிலை அல்லது மது பயன்படுத்துவோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. மக்கள் அனைவரையும் சேர்த்து நோக்கியபோது காணப்பட்ட குறைவு, புள்ளியியல் முறைப்படி உறுதிப்படவில்லை. எனவே, இப்பழக்கமுடையோரை முதலில் தேடிச் செல்வதே சிறந்த பயனளிக்கும் என்பது தெளிவாயிற்று.

அலுவலருக்கான படிப்பினை

முப்பது வயதிற்கு மேற்பட்டோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடத்துவதற்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2016இல் வெளியிட்டது. இத்தகைய திட்டம் வெற்றி பெற மூன்று கூறுகள் தேவை. ஊரறிந்த பணியாளர் பயிற்சி பெற வேண்டும். அவர் ஐயுறும் நோயாளர் காலதாமதமின்றி உயர்நிலை மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டும். கண்டவை யாவும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், கண்டறியப்பட்ட நோயாளர் சிகிச்சை பெறாமலே முற்றிய நிலையில் திரும்பி வருவர்.

நெய்யூரில் இன்றும் பொது மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் நடைபெற்று வருகின்றன. மருத்துவரை இழந்து நின்றுபோன நிலையம், உள்ளூர் மக்களைப் பயிற்றுவித்த பிறகே நிலைபெற்றது. ஒரு வட்டாரத்தில் புதிய மருத்துவமனைக்குத் திட்டமிடும் அலுவலர், கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் நிதி ஒதுக்கும்போதே அவ்வட்டார மக்களின் பயிற்சிக்கும் இடமளித்தல் வேண்டும்.