உப்புக்காற்று ஊரில் கார் கீறல்: எதை விடலாம், எதை விடக்கூடாது

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகச் சாலையில் தினமும் கார் ஓட்டுகிறவர்களுக்குக் கீறல் புதிதல்ல. நிலக்கரி லாரியிலிருந்து தெறிக்கும் துண்டு, கன்டெய்னர் டிரெய்லரின் டயர் எற்றிவிடும் ஜல்லி, டபிள்யூ.ஜி.சி. ரோட்டு நெரிசலில் உரசிப்போகும் பைக் ஹேண்டில் என்று ஏதாவது ஒன்று கோடு போட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒர்க்‌ஷாப் போனால் கட்டுப்படியாகாது. எதற்குமே போகாவிட்டால் இந்தக் கடற்காற்று தகரத்தைத் தின்றுவிடும். கீறலின் நீளத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். அது எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் என்று பாருங்கள்.

1. முதலில் கழுவிவிட்டுப் பாருங்கள். கீறல் என்று நினைப்பதில் பாதி, உரசிய வண்டியின் பெயின்ட் நம் கார்மேல் ஒட்டிக்கொண்டதாக இருக்கும். ரப்பிங் காம்பவுண்டை ஈரத்துணியில் கொஞ்சம் தொட்டு மெல்லத் தேய்த்தால் போய்விடும். இதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

2. கழுவிய பிறகும் கோடு தெரிந்தால், அதன்மேல் ஈரத்துணியை ஓட்டுங்கள். ஈரம் பட்டதும் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால், மேலே இருக்கும் கிளியர் கோட்டில் மட்டும்தான் கீறல். அடுத்து விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷ் போதும். ‘டக்’கென்று மாட்டினால் நிறம்வரை இறங்கியிருக்கிறது. உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர், பளபளவென்று வெள்ளியாகத் தெரிந்தால் தகரம். துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கிளியர் கோட் நாலும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். அதனால் வீட்டில் ‘நன்றாகத் தேய்த்துவிடுகிறேன்’ என்று இறங்குகிறவர்கள் கையை அடக்கிக்கொள்வது நல்லது. ஒருமுறை தேய்ந்த கிளியர் கோட் வளராது.

3. அடிபட்டது பம்பரா, தகரமா? பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பம்பர் பிளாஸ்டிக், காந்தம் ஒட்டாது, துருவும் பிடிக்காது. அங்கே எவ்வளவு அசிங்கமான கீறலானாலும் அது பார்வைக் குறை மட்டுமே. இன்னும் நாலு கீறல் சேரட்டும் என்று தாராளமாக விடலாம். நெரிசலில் அது எப்படியும் சேரும். கதவு, ஃபெண்டர் போன்ற இரும்புத் தகரத்தில் ஓரிடத்தில் மட்டும் காந்தம் வலுவில்லாமல் பிடித்தால், முன்பு யாரோ அங்கே தடிமனாகப் பட்டி வைத்திருக்கிறார்கள். பழைய கார் வாங்கப் போகும்போதும் இந்தக் காந்தம் பையில் இருக்கட்டும்.

4. தகரம் தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள். உள்நாட்டு ஊர்களில் இரண்டு வாரம் தாங்குவது இங்கே இரண்டு நாள்கூடத் தாங்காமல் பழுப்பேறலாம். காரணம் உப்பு மட்டுமல்ல, உப்பு இழுத்து வைக்கும் ஈரம். சமையல் உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீர் கோத்துக்கொள்ளும். கடற்கரையில் இரவிலும் விடியலிலும் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். உப்பளத்துக் கசப்பு நீரில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் உப்பு லாரிக்குப் பின்னாலும், ஐஸ் தண்ணீர் ஒழுக்கிக்கொண்டு போகும் மீன் வண்டிக்குப் பின்னாலும் போகிற கார்கள்மேல் இந்த உப்பெல்லாம் படிந்துகொண்டே இருக்கிறது. மழை பெய்யாத நாளிலும் அந்தக் கீறல் நனைந்துதான் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே சரியாகச் செய்ய முடியாவிட்டால், நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட்டு, நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு தடவி வையுங்கள். சில நாளைக்குத் தாங்கும். ஈரத்தோடு தடவினால் ஈரத்தை உள்ளே அடைத்து வைத்ததாகிவிடும்.

5. துரு ஏற்கெனவே வந்திருந்தால் மேலே பெயின்ட் பூசி மறைப்பதில் பயனில்லை. ஊசிமுனைப் புள்ளியாக இருக்கும்போதே உப்புத்தாளால் சுரண்டி, தகரம் வெள்ளையாகத் தெரிந்த பிறகு, குழியில் துரு மீந்திருந்தால் அதற்குத் துருவை மாற்றும் திரவம், பிறகு பிரைமர், நிறம் என்று வரிசையாகப் போக வேண்டும். பெயின்ட் கொப்புளம்போல் உப்பியிருந்தால், வெளியே தெரிவதைவிட உள்ளே அகலமாகப் பரவியிருக்கும். அது வீட்டு வேலை இல்லை, டிங்கரிடம் விடுங்கள்.

கதவின் அடிவிளிம்பை மறக்காதீர்கள். அங்கே தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். புழுதி அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஈர்க்குச்சியால் குத்தி விடுவது ஒரு நிமிட வேலை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை வெள்ளத்தில் நின்ற கார்களை வைத்திருப்பவர்கள் கட்டாயம் குனிந்து பார்க்க வேண்டிய இடம் இது.

6. சிறிய கல்தெறிப்பை வீட்டிலேயே மூடலாம். என்ஜின் அறையிலோ டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் உங்கள் காரின் பெயின்ட் குறியீட்டு எண் இருக்கும். ‘வெள்ளை’ என்று சொல்லி வாங்காதீர்கள். ஒரே கம்பெனியிலேயே வெள்ளையில் பல வகை உண்டு. அந்த எண்ணைக் காட்டி டச்சப் பாட்டில் வாங்குங்கள்.

கூடவே வரும் பிரஷ் இந்த வேலைக்குப் பெரிது. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி எடுத்து, பள்ளத்தின் நடுவில் வைத்தால் பெயின்ட் தானாக விளிம்புவரை ஓடும். தகரம் தெரிந்திருந்தால் முதல் துளி பிரைமராக இருக்க வேண்டும். ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது நடுவில் குழி விழும். மெல்லியதாக ஒன்று, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது, கடைசியில் கிளியர் கோட். பக்கத்தில் நின்று பார்த்தால் புள்ளி தெரியத்தான் செய்யும். துரு ஏறாமல் இருந்தால் சரி என்று நினைப்பவர்களுக்கான வேலை இது.

7. நேரம் பாருங்கள். விடியற்காலை ஈரத்தில் பூசினால் பெயின்ட் வெளுத்துப் பூத்துவிடும். உச்சி வெயிலில் சூடேறிய தகரத்தில் பூசினால் பரவுவதற்குள் காய்ந்துவிடும். பத்து மணிக்குமேல், நிழலில். ஆனி, ஆடிக் காற்றில் திறந்த வெளியில் ஸ்பிரே அடிப்பதை நினைக்கவே வேண்டாம். பெரிய வேலையானால் மழை ஓய்ந்த தை, மாசிக்குத் தள்ளிப்போடுங்கள், தகரம் தெரியாதவரை.

8. பற்பசை, தேங்காய் எண்ணெய் வைத்தியங்கள்: பற்பசை லேசான உரசல் தூளைப் போல வேலை செய்து மயிரிழைக் கோட்டை மங்கச் செய்யும், அவ்வளவே. எண்ணெய் இரண்டு நாள் மினுக்கிவிட்டுப் புழுதியை இழுத்து ஒட்டவைக்கும். படகுக்கு அடித்து மீந்த எனாமல் பெயின்டைக் காரில் தொட்டு வைக்கும் வழக்கமும் இங்கே உண்டு. நிறம் ஒத்துப்போகாது, பின்னால் டிங்கர் அதைச் சுரண்டி எடுக்கத் தனியாகக் கூலி கேட்பார்.

9. டிங்கரிங் கடையில் பேசும்போது: “அண்ணாச்சி, கதவு முழுசும் அடிச்சிருவோம், அப்பதான் கலர் ஒத்துப்போகும்” என்பார். ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். மெட்டாலிக் சில்வர், சாம்பல் நிறங்களில் ஒரு கையகலம் மட்டும் அடித்தால் வெயிலில் திட்டாகத் தெரியும். வெயில் பட்டு வெளுத்த காரில் பக்கத்துப் பேனல்வரை நிறத்தை இழைத்துவிட்டால்தான் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் ஒரு கதவுக்குப் போனவரிடம் ஒரு பக்கம் முழுவதும் அடிக்கலாம் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு. மூடிய பூத்தில் அடிக்கிறார்களா, தெருவோரத்திலா? நிறம் கலந்ததும் ஓர் அட்டையில் அடித்து, காயவைத்து, காரோடு சேர்த்து வெயிலில் காட்டுவார்களா? டியூப்லைட்டுக்குக் கீழே எல்லா நிறமும் ஒத்துப்போகும்.

பெயின்ட் உரியாமல் வெறும் நசுங்கல் மட்டும் என்றால், பின்பக்கமிருந்து அழுத்தி எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். அடித்துத் தட்டினால் பெயின்ட் வெடித்து, பட்டியும் பெயின்டும் தேவைப்படும்.

10. இன்சூரன்ஸில் போடலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் திரும்பப் பூஜ்யம். பிரீமியம் ரூ.10,000, தள்ளுபடி 50 சதவீதம் என்று வையுங்கள். கிளெய்முக்குப் பிறகு முதல் ஆண்டில் 5,000, அடுத்தடுத்து 3,000, 2,500, 1,500, 500 என்று ஐந்து ஆண்டில் மொத்தம் ரூ.12,500 கூடுதலாகக் கட்டுவீர்கள். அதோடு கட்டாயக் கழிவு 1500 சிசி வரையிலான கார்களுக்கு ரூ.1,000, அதற்குமேல் ரூ.2,000. சாதாரண பாலிசியில் பெயின்ட் பொருள் செலவில் பாதியையும் தேய்மானம் என்று கழிப்பார்கள். ஆக, ஒரு கதவு பெயின்டுக்குக் கிளெய்ம் போடுவது பெரும்பாலும் நஷ்டம். இரண்டு மூன்று பேனல், கூடவே ஹெட்லைட் என்றால் போடலாம். தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் கணக்கு மாறும்; பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்.

11. ஓரிரு ஆண்டில் விற்கப்போகிற காரா? அப்படியானால் பளபளப்புக்காக அடிக்காதீர்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியோடு வருகிறார்கள். மறுபடி அடித்த பேனலில் எண் ஏறித் தெரிந்ததும், “ஆக்சிடென்ட் வண்டியா?” என்பார்கள். சின்னக் கீறலோடு இருக்கும் கம்பெனி பெயின்டுக்கு இதைவிட மதிப்பு அதிகம்.

12. புதுக் கீறல் விழாமல் இருக்க: புழுதியோடு காரை மஞ்சள் துணியால் துடைப்பதை நிறுத்துங்கள். நிலக்கரித் தூள், திருச்செந்தூர்ப் பக்கம் போய்வந்தால் தேரிக்காட்டுச் செம்மண் எல்லாம் மேலே இருக்கும். துடைக்கத் துடைக்க வட்ட வட்டமாகக் கோடு விழும். முதலில் தண்ணீரை ஊற்றி ஓடவிடுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளில், கடைசி ஒரு வாளியாவது குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீராக இருக்கட்டும்.

13. மீதி டச்சப் பாட்டிலை டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள். வெயிலில் இறுகிவிடும். மூடியின் உள்விளிம்பைத் துடைத்து இறுக மூடி, வாங்கிய தேதியை எழுதி, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.