கட்டம் போட்டுப் படம் அடுக்குவோம்



உங்கள் கைத்தொலைபேசியில் எத்தனை படங்கள் இருக்கின்றன? ஆயிரம் இருக்கலாம், ஐயாயிரம்கூட இருக்கலாம். அதில் தாத்தா பாட்டி இருக்கும் படம் எத்தனை? அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்று உங்களால் சொல்ல முடியுமா? "தெரியலையே, அம்மாவைத்தான் கேக்கணும்" என்பீர்கள். அம்மாவுக்கும் தெரியாமல் போகும் நாள் ஒன்று வரும். தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகள். அந்த வாழ்க்கைக்குச் சாட்சியாகப் பல வீடுகளில் மிஞ்சியிருப்பது பிஸ்கட் டின்னில் கிடக்கும் நாலைந்து படங்கள்தான்.

ஆகவே இந்தப் பாடத்தில், 12 பக்கத்தில் ஒரு குடும்பப் படப்புத்தகம் செய்வது எப்படி என்று பார்ப்போம். அலங்காரம் வேண்டாம். சுத்தமாக, ஒழுங்காக இருந்தால் போதும். அதற்கு வழி கட்டம்.

ஏன் கட்டம்?

புள்ளிக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் புள்ளி, அப்புறம்தான் கோடு. புள்ளி சரியாக இருந்தால் கோலம் கோணாது. போட்டு முடித்த பிறகு புள்ளியை யாரும் கவனிப்பதில்லை, கோலத்தைத்தான் பார்ப்பார்கள். பக்க வடிவமைப்பில் கட்டமும் அப்படித்தான்.

இதை ஒரு முறையாக வகுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தின் ஜோசப் முல்லர்-புரோக்மன் (1914–1996). சூரிக் நகர இசை அரங்கத்துக்கு இவர் செய்த சுவரொட்டிகள் இன்றும் வடிவமைப்பு மாணவர்களுக்குப் பாடம். கட்டங்களைப் பற்றி இவர் எழுதிய நூல் 1981-இல் வெளிவந்தது. ஒவ்வொரு படத்தையும் எங்கே வைப்பது என்று தனித்தனியாக மண்டையைக் குழப்பிக்கொள்ளாமல், முதலில் ஒரு விதியை வகுத்துக்கொண்டு அதற்குள் வேலை செய்வதுதான் இந்த முறை.

கட்டத்தை வரைவோம்

ஏ4 தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள். அகலம் 297 மி.மீ., உயரம் 210 மி.மீ.

இடமும் வலமும் 16 மி.மீ. ஓரம் விடுங்கள். மிச்சம் 265. மேலே 16, கீழே 19 விடுங்கள். மிச்சம் 175. இந்த இடத்தை, அகலத்தில் 6, உயரத்தில் 4 என்று 24 சதுரக் கட்டங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு கட்டமும் 40 மி.மீ., கட்டங்களுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 × 40 = 240, ஐந்து இடைவெளிக்கு 25, மொத்தம் 265. உயரத்தில் 160-உடன் 15 சேர்த்தால் 175. சரியாக வருகிறது அல்லவா?

கணினியில் செய்பவர்களுக்கு ஒன்று: பவர்பாயிண்டில் ஏ4 என்று தேர்ந்தெடுத்தால் உண்மையான ஏ4-ஐவிடச் சின்னதாக வரும். 29.7, 21 என்று சென்டிமீட்டரில் நீங்களே அளவைத் தட்டிவிடுங்கள்.

படத்துக்கு ஏற்ற பெட்டி

கட்டங்களைச் சேர்த்தால் பெட்டி கிடைக்கும். இந்த மூன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அகலத்தில் 3, உயரத்தில் 2 கட்டம்: 130 × 85 மி.மீ. கேமராப் படங்கள் பெரும்பாலும் 3:2 வடிவம். அவை இதில் கச்சிதமாக உட்காரும். வெட்டுப்படுவது 2 மி.மீ.கூட இருக்காது.

அகலத்தில் 4, உயரத்தில் 3 கட்டம்: 175 × 130 மி.மீ. கைத்தொலைபேசியில் படுக்கையாக எடுக்கும் படங்கள் வழக்கமாக 4:3 வடிவம். அவற்றுக்கு இதுதான் இடம்.

அகலத்தில் 3, உயரத்தில் 4 கட்டம்: 130 × 175 மி.மீ. கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் இதில் பாதிப் பக்கத்தை நிறைக்கும். மறுபாதியில் 130 × 85 பெட்டி இரண்டை மேலும் கீழும் வைத்தால் பக்கம் முடிந்தது.

வெட்டுப்படுவது யார்?

இங்கேதான் கவனம் வேண்டும். 4:3 படத்தை 130 × 85 பெட்டிக்குள் திணித்தால், மேலும் கீழும் சேர்த்து 12 மி.மீ.க்கு மேல் போய்விடும். போவது வானமும் தரையும் என்றால் பரவாயில்லை. பின்வரிசையில் நிற்கும் மாமாவின் தலை என்றால்?

குழுப் படங்களில் ஓரத்தில் நிற்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சமையலறையிலிருந்து கடைசி நிமிஷத்தில் ஓடி வந்து நின்ற அத்தை, கூச்சத்தோடு ஒதுங்கி நின்ற சித்தப்பா. படத்தை வெட்டும்போது முதலில் காணாமல் போகிறவர்கள் இவர்கள்தான். எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் இருப்பதே இரண்டு மூன்று படங்கள். அதில் ஒன்றிலிருந்து அவரை நாம் வெட்டி எடுக்கலாமா? ஆகவே விதி இது: பெட்டிக்காக மனிதரை வெட்டாதீர்கள். வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.

பழைய படங்களையும் வெட்ட வேண்டாம். படக்கடையில் 3ஆர் என்று சொல்வார்களே, அதன் அளவு 127 × 89 மி.மீ. அதைச் சற்றே சுருக்கி 85 மி.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்தால் அகலம் 121 ஆகும். பெட்டியின் இடது ஓரத்தோடு ஒட்டி வைத்துவிட்டு, மிச்ச 9 மி.மீ.-ஐ வெள்ளையாக விட்டுவிடுங்கள். வெள்ளை இடம் வீண் இல்லை. கண் ஓய்வெடுப்பது அங்கேதான்.

எல்லாம் பெரிசா இருந்தா எதுவும் பெரிசு இல்ல

ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய படம் ஒன்றுதான் இருக்கலாம். 12 பக்கத்துக்கு 30 படம் போதும். ஒரே காட்சி ஐந்து தடவை எடுக்கப்பட்டிருந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள். தேர்ந்தெடுப்பது கஷ்டம்தான். ஆனால் "இதில் எது இல்லாவிட்டால் நம் கதை குறையும்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும். பாட்டி பால் வாளியோடு நிற்கும் மங்கலான ஒரு படம், பளபளப்பான பத்துப் படங்களைவிடப் பெரிய பெட்டிக்குத் தகுதியானது.

பெரிசாகப் போடும்முன் படத்தின் தரத்தையும் பாருங்கள். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 130 மி.மீ. அகலத்துக்குச் சுமார் 1535 புள்ளி, 175 மி.மீ.க்குச் சுமார் 2070. புலனத்தில் வந்த படம் சுருங்கிப் போயிருக்கும். எடுத்தவரிடமே கேட்டு மூலப் படத்தை வாங்குங்கள். பழைய படத்தை ஸ்கேன் செய்தால் 600 புள்ளியில் செய்யுங்கள்.

பெயர் எழுதுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது என்று எழுத வேண்டும். 4 × 3 பெட்டி போட்ட பக்கத்தில் பக்கவாட்டில் இரண்டு கட்ட அகலம் மிஞ்சும், அது எழுத்துக்கு. மற்ற பக்கங்களில் ஒரு பெட்டியையே எழுத்துக்கு விட்டுவிடலாம். எழுத்துரு ஒன்றே போதும், அளவு 10. வரிகளை நெருக்காதீர்கள். நம் எழுத்தில் மேலேயும் கீழேயும் சுழிகள் உண்டு, மூச்சுவிட இடம் வேண்டும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் "1970-களில்" என்று எழுதலாம். ஊகித்து ஓர் ஆண்டைப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை அதை உண்மை என்று நம்பும்.

முடிந்ததும் பி.டி.எஃப். ஆக்கிக் கடைக்குக் கொடுங்கள். "அப்படியே 100 விழுக்காட்டில் அடிங்க, சுருக்க வேணாம்" என்று சொல்லுங்கள்.

பயிற்சி

1. கட்டம் போட்ட நோட்டில் ஒரு சதுரத்தை ஒரு கட்டமாக வைத்து, 6 × 4 பெட்டி வரையுங்கள். மேலே சொன்ன மூன்று பெட்டிகளைக் கொண்டு மூன்று விதமான பக்கம் அமையுங்கள்.

2. வீட்டில் உள்ள பழைய படங்களில் பத்தை எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். "இது யாரு பாட்டி?" என்று கேட்டு, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.

3. உங்கள் குடும்பத்தில் படமே அதிகம் எடுக்கப்படாதவர் யார்? அவரை அடுத்த வாரம் ஒரு படம் எடுங்கள். அவருக்கு எந்தப் பெட்டி கொடுப்பீர்கள் என்று குழுவில் கலந்துபேசுங்கள்.

இரண்டாவது பயிற்சியை மட்டும் தள்ளிப் போடாதீங்க. கட்டத்தை எப்ப வேணும்னாலும் வரைஞ்சுக்கலாம். பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிடணும்.