திகிலில் சிரிப்பைக் கலக்க வரும் இளம் இயக்குநருக்கு

கொலையும் கேலியும் ஒரே மேடையில் ஏறுவது சினிமா கண்டுபிடித்த வித்தை அல்ல. பாரிஸில் 1897 முதல் 1962 வரை நடந்த கிராண்ட் கின்யோல் நாடக அரங்கில், ஒரே இரவில் குரூர நாடகமும் நகைச்சுவை நாடகமும் மாறி மாறிப் போடப்பட்டன. சிரித்துத் தளர்ந்தவர் அடுத்த கத்திக்குத்துக்குக் கூடுதலாக அலறுவார் என்பது கணக்கு. தமிழுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. 12ஆம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் பிணக்கூழ் அடுவதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் துலக்கி, அதன் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பிணக்குவியலுக்கு நடுவே வீட்டுக் காலைக்கடன் நடப்பதால்தான் சிரிப்பு வருகிறது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் நோயல் கரோல் இந்த உறவை விளக்கியிருக்கிறார். உயிரோடும் இல்லாமல் செத்தும் போகாமல், உலக ஒழுங்குக்குள் அடங்காத ஒன்று பயத்தையும் தரும், சிரிப்பையும் தரும். அதனால் ஆபத்து உண்டா இல்லையா என்பதே இரண்டையும் பிரிக்கிறது. ஆகவே இளம் இயக்குநர் கையாளப்போவது இரண்டு சரக்கை அல்ல. ஒரே சரக்கில் ஆபத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதுதான் அவருடைய வேலை.

சாம் ரெய்மியின் ‘ஈவில் டெட் 2’ (1987) இதற்கு நல்ல பாடம். நாயகன் ஆஷின் வலது கையில் பேய் புகுந்துவிடுகிறது. சமையலறையில் அந்தக் கை அவன் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறது, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் மண்டையிலேயே உடைக்கிறது, அவனையே தூக்கித் தரையில் அறைகிறது. மயங்கிக் கிடப்பவனை வெட்டுக்கத்தியை நோக்கி இழுத்துப் போகிறது. கடைசியில் அவன் சங்கிலி ரம்பத்தை எடுத்துத் தன் கையைத் தானே அறுத்தெறிகிறான். துண்டான கையை வாளியால் மூடி, மேலே புத்தகங்களைப் பாரம் வைக்கிறான். ரெய்மிக்குப் பிடித்த திரீ ஸ்டூஜஸ் கோமாளிகளின் அடிதடியேதான் இது. ஆனால் நடித்த புரூஸ் கேம்பல் ஓரிடத்திலும் வேடிக்கை காட்ட வந்தவர்போல் நடந்துகொள்வதில்லை. உயிருக்குப் போராடுபவனாகவே இருக்கிறார். பாத்திரத்துக்குத் தன் நிலைமை சிரிப்பாகத் தெரிந்துவிட்டால் பார்ப்பவருக்குப் பயம் விட்டுப்போகும். தணிக்கையைக் கருதி ரத்தத்துக்குப் பச்சை, கறுப்பு என்று நிறம் மாற்றியும் படம் அமெரிக்காவில் தரச் சான்று இல்லாமலேயே வெளியானது என்பது தனிக் கதை.

ரத்தத்தின் அளவும் ஒரு கருவி. ஒரு துளி வலியைச் சொல்லும். குடம் குடமாகக் கொட்டினால் கண் அதை உடலோடு சேர்த்துப் பார்ப்பதை விட்டுவிடும். பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் எடுத்த ‘பிரெயின்டெட்’ (1992) படத்தின் முடிவில், நாயகன் புல்வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிணக்கூட்டத்துக்குள் நுழையும் காட்சி அப்படிப்பட்டது. அங்கே யாரும் பயப்படுவதில்லை. ஜாக்சனுக்கு அங்கே பயமும் தேவைப்படவில்லை. பயம் வேண்டியவர் அந்த வழியில் போகக்கூடாது.

வலியையும் சிரிப்பையும் ஒருங்கே காப்பாற்றிய படம் ஜான் லாண்டிஸின் ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ (1981). ஓநாய் கடித்துச் செத்த நண்பன் கிழிந்த தொண்டையோடு மருத்துவமனை அறைக்கு வந்து, நாயகனின் காலை உணவிலிருந்து ஒரு துண்டு டோஸ்ட் கேட்கிறான். பேசும்போது கழுத்துச் சதை ஆடுகிறது. குரலோ சாதாரண நண்பனின் குரல். ஒவ்வொரு முறை வரும்போதும் உடல் இன்னும் அழுகியிருக்கிறது. சிரிப்பு வந்தாலும் இழப்பு மறக்கவில்லை. இந்தப் படத்தின் ஒப்பனைக்காக ரிக் பேக்கர் ஆஸ்கர் பெற்றார்.

எட்கர் ரைட்டின் ‘ஷான் ஆஃப் தி டெட்’ (2004) காட்டும் பாடம், எங்கே நிறுத்துவது என்பது. பிணங்கள்மேல் இசைத்தட்டுகளை வீசும் நண்பர்கள், எந்தத் தட்டை வீசலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று சண்டை போடுகிறார்கள். பிறகு அந்த நண்பர்களில் ஒருவனான ஷானுக்கே, பிணமாக எழுந்துவிட்ட தன் தாயைச் சுட வேண்டி வருகிறது. சுடும் கணத்தில் ரைட் நகைச்சுவையை ஒதுக்கி வைக்கிறார். அப்படி ஒதுக்காவிட்டால் முன்பு வந்த சிரிப்பெல்லாம் வெறும் கூத்தாகியிருக்கும்.

தமிழ்ப் பேய்ப்படங்கள் பலவற்றில் நகைச்சுவைக்கு ஒரு கூட்டமும் பேய்க்கு ஒரு ஃபிளாஷ்பேக்கும் தனித்தனியே ஓடுகின்றன. இது கலப்பு அல்ல, பங்கீடு. பேயைப் பார்த்து ஓடுபவர் மட்டுமே சிரிக்க வைத்தால், பேயின் துயரம் பாட்டு, பின்னணி இசை என்று வேறு படமாகிவிடுகிறது. பேயிடமிருந்தே, அது செய்யும் காரியத்திலிருந்தே சிரிப்பு பிறக்க வேண்டும். பலியாகிறவரின் சாதி, பால், உடல்வாகு ஆகியவற்றை வைத்துச் சிரிப்பு தேடுவது சோம்பேறித்தனம். அங்கே பயமுறுத்துவது பேய் அல்ல, இயக்குநரின் அலட்சியம்.

இவற்றைக் காகிதத்தில் சோதித்துப் பார்க்க முடியாது. ஒரு நொடி முன்பின் வெட்டினால் அலறல் சிரிப்பாகும். எடிட்டிங் மேசையிலும் கூட்டத்தின் நடுவிலும்தான் அது தெரியும். முதலீட்டாளர்களிடம் காட்டுவதற்கென்றே ரெய்மியும் நண்பர்களும் 1978இல் ‘விதின் தி வுட்ஸ்’ என்ற குறும்படத்தை எடுத்தார்கள். ‘ஈவில் டெட்’ படத்துக்குப் பணம் திரண்டது அதன் பிறகே. முழுநீளத் திரைக்கதையோடு தயாரிப்பாளரைத் தேடும் முன் இளம் இயக்குநரும் ஒரு குறும்படம் எடுத்து, தெரியாதவர்கள் நிறைந்த அறையில் போட்டுக் காட்டட்டும். திரையைப் பார்க்காமல் முகங்களைப் பார்க்கட்டும்.