விளக்கு மங்கின் செய்வது யாது?

வீராம்பட்டினத்தில் எம் பாட்டனார் போற்றி வைத்திருப்பது, மைசூரில் 1961ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் செய்த 6 வோல்ட் மோட்டார் சைக்கிள். சென்ற ஆண்டு அதன் விளக்கு மங்கிற்று. எஞ்சினும் கிளம்ப மறுத்தது. குற்றம் பாட்டரியினதே எனத் துணிந்து, ஒரே திங்களில் இரண்டு வாங்கினோம். அவர் மீன் விற்றுச் சேர்த்த பொருள் வீணாயிற்று.

நோயின் முதலை நாடுமாறு வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை இங்கும் பொருந்தும். முதற்கண், எஞ்சின் ஓடாதபோது பாட்டரியை அளக்க. முழுதும் ஏற்றிய பாட்டரி ஏறத்தாழ 6.3 வோல்ட் காட்டும். அடுத்து, முகப்பு விளக்கை அணைத்து, எஞ்சினைச் சற்று விரைவாக ஓட்டி மீண்டும் அளக்க. அளவு 7 வோல்ட்டை எட்டுமாயின் டைனமோ நலமே, பாட்டரியை ஐயுறலாம். அளவு உயராமல், சிவப்பு விளக்கும் அணையாதிருப்பின், மின்சாரம் பாட்டரிக்கு வந்து சேரவில்லை. அப்பொழுது எளியதினின்று அரியதற்குச் செல்க: முதலில் கம்பி இணைப்புகள், பின்பு கார்பன் பிரஷ், அதன்பின் ரெகுலேட்டர், ஈற்றில் டைனமோவின் சுருள்.

எம் வண்டியிலோ, டைனமோவினின்று ரெகுலேட்டருக்குச் செல்லும் செப்புக் கம்பியின் முனை கடலின் உப்புக்காற்றால் களிம்பேறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். சிவப்பு விளக்கு அணைந்தது. பாட்டனார் ஒன்றும் சொல்லவில்லை. வாளா கிடந்த இரண்டு பாட்டரிகளையும் நோக்கினார். ஆராயுமுன் தீர்ப்பளித்தல் தகாதென்பதை யாம் அன்று கற்றோம்.