மழை இருந்தும் நீர் இல்லையா?

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் மழைக்குக் குறைவில்லை, ஆயினும் குடிநீர் அண்டை மாநிலமான கெடாவிலிருந்து வருவது ஏன்?

பதில்: சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து குளிர, அதிலுள்ள நீராவி திரண்டு மேகமாகிப் பொழிவதால், லிட்டில் இந்தியா அமைந்துள்ள ஜார்ஜ் டவுனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை பெய்கிறது. ஆனால், பெய்யும் மழை வேறு, தேங்கும் நன்னீர் வேறு. பினாங்குத் தீவின் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது மழைநீரை ஆற்றுக்கோ அணைக்கோ திரட்டித் தரும் நிலப்பரப்பு, சிறியது. 833 மீட்டர் உயரப் பினாங்கு மலையில் விழும் நீர் குறுகிய ஓடைகள் வழியே விரைந்து கடலில் கலந்துவிட, தெலுக் பகாங் அணையும் 1962இல் கட்டி முடிக்கப்பட்ட ஆயர் ஈத்தாம் அணையும் ஒரு பங்கையே தடுத்து வைக்கின்றன. ஆகவே, கெடாவின் உலு மூடா காடுகளிலிருந்து வரும் மூடா ஆற்று நீர் பெருநிலத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய்களில் தீவை அடைகிறது. மாநிலத் தேவையின் பெரும்பங்கு இந்த ஓர் ஆற்றையே நம்பியிருக்க, அதன் காடுகளோ அண்டை மாநிலத்தின் ஆளுகையில் இருப்பது கவலைக்குரியதே.