வாஷ் கேர் லேபிள் எழுதப் போகும் தாரணிக்கு

அன்புள்ள தாரணி,

உன் வாட்ஸ்அப் கேள்வியைப் படித்தேன். "பெரியப்பா, ஜெர்மன் பையர் வாஷ் கேர் லேபிள் ஆர்ட்வொர்க் கேட்டிருக்காங்க. போன சீசன் ஆர்டர்ல இருந்ததையே போட்டுடுன்னு சீனியர் சொல்றார். போடலாமா?" வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டிருப்பேன். ஆனால் திருப்பூரில் இந்த வருஷம் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதே யோசனையைத்தான் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் தொழிலில் லேபிளுக்கு மரியாதை கிடையாது. லேப் டிப்புக்கு நாலு தடவை கூரியர் போகும். பட்டனுக்கும் ஜிப்புக்கும் தனித்தனியாக அப்ரூவல் வாங்குவோம். வாஷ் கேர் லேபிள் மட்டும், பவர் டேபிளில் துணி ஓட ஆரம்பித்த பிறகு, "அட, அதை ஆர்டர் போடலையே" என்று ஞாபகத்துக்கு வரும். அவசரத்தில் பழைய ஃபைலைத் திறந்து ஸ்டைல் நம்பரை மட்டும் மாற்றி லேபிள்காரருக்கு அனுப்பிவிடுவார்கள். சட்டை கடைக்குப் போய், ஒருவர் வீட்டு மெஷினுக்குள் போன பிறகு, கம்பெனியின் சார்பில் பேசுவதற்கு அந்தத் துண்டுத் துணியைத் தவிர வேறு ஆளில்லை.

லேபிளில் இருக்கும் இந்தப் படங்கள் ஏன் வந்தன என்று தெரிந்துகொண்டால் மீதி எளிதில் பிடிபடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக் என்று புதுப்புது நூல்கள் கடைக்கு வந்தன. கூடவே வாஷிங் மெஷினும் வீட்டுக்குள் வந்தது. பருத்தியையும் கம்பளியையும் எப்படித் துவைப்பது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்களுக்கு இந்தப் புது ரகங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. நாட்டுக்கு நாடு மொழியும் வேறு. அதனால் எழுத்தில்லாமல் படத்தாலேயே சொல்லிவிடலாம் என்று 1958-இல் பாரிஸில் கூடிப் பேசினார்கள். 1963-இல் ஜினெடெக்ஸ் என்ற அமைப்பு உருவானது. இன்று உலகம் முழுக்கப் பார்க்கிற தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம் எல்லாம் அந்த அமைப்பின் வழியாக வந்தவை. ஐ.எஸ்.ஓ. 3758 என்ற தரநிலையும் இவற்றைத்தான், இந்த வரிசையில்தான் சொல்கிறது. வரிசை மாறினால் ஆர்ட்வொர்க் திரும்பி வரும். இன்னொன்று, இந்தக் குறிகள் பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னங்கள். கூகுளில் தேடி எடுத்து ஒட்டாதே. பையரிடமே ஃபைல் கேட்டு வாங்கு.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். இந்தக் குறிகளைப் பெரும்பாலானவர்கள் சிபாரிசு என்று நினைக்கிறார்கள். "40 என்று போட்டிருக்கிறதே, 40 டிகிரியில்தான் துவைக்க வேண்டும் போல" என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பாலத்துக்கு முன்னால் இத்தனை டன் வரை போகலாம் என்று பலகை வைத்திருப்பார்களே, அந்த மாதிரி இது உச்சவரம்பு. 60 என்று போட்ட சட்டையை 30-இல் துவைத்தால் ஒன்றும் ஆகாது. 60-இல் துவைத்து ஏதாவது ஆனால் அதற்கு நாம்தான் பொறுப்பு. அதனால் லேபிளில் நீ போடும் ஒவ்வொரு குறியும், "இந்த அளவு வரை இந்தச் சட்டை தாங்கும், நாங்கள் பார்த்துவிட்டோம்" என்று சொல்வதற்குச் சமம். போன சீசன் சட்டை தாங்கியது இந்தச் சீசன் சட்டைக்கு எப்படிப் பொருந்தும்? துணி வேறு, சாயம் வேறு, பிரிண்ட் வேறு.

வரம்பை முடிவு செய்வது சட்டையின் பெரும்பகுதி இல்லை, அதில் இருப்பதிலேயே பலவீனமான துண்டு. நீ அனுப்பிய டெக் பேக்கையே எடுத்துக்கொள். குழந்தைகள் டி-ஷர்ட். வெள்ளை சிங்கிள் ஜெர்சி உடம்பு, சிவப்பு ரிப் கழுத்து, நெஞ்சில் ரப்பர் மாதிரி தடிமனாக பிளாஸ்டிசால் பிரிண்ட். வெள்ளைப் பருத்தியைத் தனியாகக் கேட்டால் 95 டிகிரியும் தாங்குவேன் என்று சொல்லும். அதன் பேச்சை இங்கே கேட்கக் கூடாது. கேட்க வேண்டியது சிவப்பு ரிப்பிடம்.

எப்படிக் கேட்பது? டெஸ்டிங் லேப்பில் அந்த ரிப்பிலிருந்து 10 செ.மீ.க்கு 4 செ.மீ. துண்டு வெட்டி, அதே அளவு மல்டிஃபைபர் பட்டையோடு சேர்த்துத் தைப்பார்கள். அந்தப் பட்டையில் அசிடேட், பருத்தி, நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக், கம்பளி என்று ஆறு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நெய்திருக்கும். சோப்புத் தண்ணீரும் ஸ்டீல் குண்டுகளும் போட்ட டப்பாவுக்குள் அதை விட்டுச் சுற்றுவார்கள். ஐ.எஸ்.ஓ. 105-சி06 என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது இதைத்தான். 40 டிகிரி என்றால் 10 குண்டு, அரை மணி நேரம். 60 என்றால் 25 குண்டு. பிறகு அலசிக் காயவைத்து கிரே ஸ்கேலோடு ஒப்பிடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை, 1 என்றால் மோசம்.

ரிப்போர்ட் வந்ததும் பாஸா ஃபெயிலா என்று மட்டும் பார்த்து மூடிவைக்காதே. எந்தக் கோட்டில் கறை பிடித்தது என்று பார். உன் ரிப் பருத்தி, ரியாக்டிவ் சாயம். பக்கத்தில் இருக்கும் உடம்பும் பருத்தி. அதனால் உன் கண் முதலில் போக வேண்டியது பருத்திக் கோட்டுக்கு. அங்கே கறை இருந்தால் டையிங்கில் ஒட்டாத சாயத்தை சோப்பிங்கில் முழுசாகக் கழுவவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். அதே ரிப் பாலியஸ்டராக இருந்தால் நைலானும் அசிடேட்டும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். 40-இல் 4-5 வாங்கிய ரிப் 60-இல் 3-க்கு இறங்கினால் தொட்டிக்குள் 40 போடு. பையர் குழந்தை ரகம் என்பதால் 60 தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், லேபிளை மாற்றாதே. டையிங்குக்குத் திரும்பிப் போ.

தொட்டிக்குக் கீழே கோடுகள் வருவதைப் பார்த்திருப்பாய். அதற்கும் வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு கோடு என்றால் மெஷின் மென்மையாகச் சுழல வேண்டும். இரண்டு என்றால் மிக மென்மையாக. விஸ்கோஸ் ஈரத்தில் பலம் இழக்கிற நூல் என்பதால் அதற்குக் கோடு வேண்டும். கம்பளி, சூட்டைவிட அலைக்கழிப்பில்தான் கட்டிதட்டிச் சுருங்கும், அதற்கு இரண்டு. கை போட்ட தொட்டி என்றால் கையால் துவைப்பது, 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

சதுரத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சதுரம் என்றால் காயவைப்பது. உள்ளே வட்டம் இருந்தால் டம்பிள் டிரையர்; ஒரு புள்ளி குறைந்த சூடு, இரண்டு புள்ளி வழக்கமான சூடு. செங்குத்துக் கோடு கொடியில் போடச் சொல்கிறது, படுக்கைக் கோடு விரித்துப் போடச் சொல்கிறது. கோடு இரண்டாக இருந்தால் பிழியாமல் சொட்டச் சொட்டப் போட வேண்டும். மூலையில் சாய்கோடு இருந்தால் நிழலில். திருப்பூரில் டம்பிள் டிரையர் வைத்திருக்கும் வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் அந்த வட்டம் போட்ட சதுரம் நமக்கு வெறும் படமாகத்தான் தெரிகிறது. பையர் நாட்டில் அது தினசரி நடப்பு.

பனியன் துணிக்கு அது மிகப் பெரிய சோதனை. நிட்டிங்கிலிருந்து டையிங், டிரையிங் எல்லாம் தாண்டி வருவதற்குள் ஜெர்சியின் கண்ணிகள் நீளவாக்கில் இழுபட்டு நிற்கின்றன. காம்பேக்டிங்கில் ஓரளவு உள்ளே தள்ளி அனுப்புகிறோம். ஈரத்துணியைக் கொடியில் தொங்கவிட்டால் அதன் எடையே அதை நீளமாகப் பிடித்துக்கொள்ளும். டிரையரில் போட்டால் பிடிக்க ஆளில்லை. புரண்டு புரண்டு கண்ணி தன் இயல்பான இடத்துக்குத் திரும்பிவிடும். நீளம் குறையும், சில சமயம் அகலம் கூடும். சட்டையில் 35 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறி போட்டுத் துவைத்துக் கொடியில் காயவைத்து அள. 33.6 வந்தால் 4 சதவீதம் சுருங்கியிருக்கிறது, பல பையர்கள் ஒப்புக்கொள்வார்கள். அதே துணியில் இன்னொரு சட்டையை டிரையரில் காயவைத்து அள. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே. டம்பிள் குறி போடப் போகிறாய் என்றால் ஷ்ரிங்கேஜ் ரிப்போர்ட்டும் டம்பிளில் காயவைத்ததாக இருக்க வேண்டும். கொடியில் காயவைத்த ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்துக்கொண்டு லேபிளில் டம்பிள் போட்ட ஆர்டர்கள் எத்தனையோ என் கண் முன்னால் போயிருக்கின்றன.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். துவைத்ததும் சைடு சீம் திருகிக்கொண்டு, இடுப்பில் இருந்த லேபிள் வயிற்றுப் பக்கம் வந்து நிற்கிற சட்டைகள் உண்டு. நூல் முறுக்கிலும் நிட்டிங்கிலும் வருகிற கோளாறு அது. அதற்கு எந்தக் குறியும் மருந்து இல்லை.

மற்ற மூன்றும் உன் சட்டைக்குச் சுலபம். முக்கோணம் பிளீச், சாயம் போட்ட பருத்திக்கும் எலாஸ்டேன் கலந்த துணிக்கும் குளோரின் ஆகாது, அடித்துவிடு. முழு வெள்ளையாக இருந்தால் உள்ளே இரண்டு சாய்கோடு போட்ட முக்கோணத்தை யோசிக்கலாம். குளோரின் இல்லாத ஆக்ஸிஜன் பிளீச் மட்டும் என்று அர்த்தம். இஸ்திரிப்பெட்டியில் புள்ளிகள்: ஐ.எஸ்.ஓ. 3758-இன் 2012 பதிப்பின்படி ஒன்று 110, இரண்டு 150, மூன்று 200 டிகிரி. பருத்தி மூன்று கேட்கும், ஆனால் உன் பிரிண்ட் சூட்டில் இளகி இஸ்திரிப்பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். குறைந்த புள்ளி போட்டு, பிரிண்ட் மேல் தேய்க்காதீர்கள் என்று ஒரு வரியும் சேர். கூடுதல் வரிகளுக்குத் தடையில்லை. வட்டம் டிரை கிளீனிங் கடைக்காரருக்கானது. பி என்ற எழுத்து இருந்தால் பெர்குளோரோஎத்திலீன் வரை, எஃப் இருந்தால் ஹைட்ரோகார்பன் மட்டும், டபிள்யூ இருந்தால் கடையிலேயே தண்ணீரில் செய்கிற வெட் கிளீனிங். பெர்குளோரோ பிளாஸ்டிசாலை விறைக்க வைத்துவிடும். பிரிண்ட் போட்ட டி-ஷர்ட்டில் வட்டத்தை அடித்துவிடுவதற்கு அது ஒரு நல்ல காரணம்.

இவ்வளவு சொன்னதும் பயந்துபோய் எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். 30 டிகிரி, இரண்டு கோடு, டிரையர் கூடாது, தேய்க்கக் கூடாது. சீனியர்களில் சிலர் இதைச் சாமர்த்தியம் என்றே நினைக்கிறார்கள். எனக்கு இது பிடிக்காது. சாப்பாட்டையும் மண்ணையும் பூசிக்கொண்டு வரும் பிள்ளையின் சட்டையை பட்டுப்புடவை மாதிரி துவைக்கச் சொன்னால் எந்தத் தாய் வாங்குவாள்? தாங்குகிற துணியைத் தாங்காது என்று சொல்வதும் பொய்தான். அமெரிக்காவில் 1971-இல் கொண்டுவந்த கேர் லேபிளிங் விதியை நடத்தும் அரசு வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி., லேபிளில் சொல்வதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. "டிரை கிளீன் மட்டும்" என்று எழுதினால், தண்ணீரில் துவைத்தால் கெடும் என்பதற்கும் ஆதாரம் வேண்டும்.

அமெரிக்கா என்றதும் ஒரு எச்சரிக்கை. அங்கே தொட்டிக்குள் புள்ளிகளாலும் வெப்பத்தைச் சொல்வார்கள்: ஒன்று 30, இரண்டு 40, மூன்று 50. ஒரு கம்பெனியில் அமெரிக்க ஆர்டரின் லேபிளை அப்படியே ஐரோப்பிய ஆர்டருக்கு அனுப்பி, பேக்கிங் முடிந்த பெட்டிகளைத் திறந்து லேபிளை வெட்டி மாற்றினார்கள். ஜப்பானுக்கு 2016 டிசம்பர் வரை தனிக் குறிகளே இருந்தன. பிழிவதைக் காட்ட முறுக்கிய துணி, கொடியில் போடுவதைக் காட்ட சட்டை வடிவம். அதன் பிறகு ஐ.எஸ்.ஓ.வோடு ஒத்துப்போகும் குறிகளுக்கு மாறிவிட்டார்கள். பழைய ஃபைல்களில் அந்தச் சட்டைப் படம் கண்ணில் பட்டால் தொடாதே.

உள்ளூர் ஆர்டர் செய்யும்போது வேறு யோசனை வேண்டும். துவைக்கிற கல்லில் அடிப்பதற்கு இந்தப் படங்களில் குறி கிடையாது. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் நாள் முழுக்கக் கிடப்பதையும் பாரிஸில் கூடியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அடர் நிறம் என்றால் சதுரத்தின் மூலையில் சாய்கோடு போடு, கூடவே "நிழலில் உலர்த்தவும், உள்பக்கம் திருப்பித் துவைக்கவும்" என்று தமிழில் ஒரு வரி அச்சிடு. படிக்கத் தெரிந்த மொழியில் சொல்வதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

கடைசியாக, லேபிளையும் துவைத்துப் பார். ரிப்பன் மை மலிவாக இருந்தால் சில துவைப்பிலேயே தொட்டியும் எண்ணும் மங்கிவிடும். ஓரம் முரடாக வெட்டியிருந்தால் பிள்ளையின் இடுப்பை அறுக்கும், அம்மாக்காரி கத்தரியால் நறுக்கிப் போட்டுவிடுவாள். ஐந்து துவைப்புக்குப் பிறகும் எண் தெளிவாகத் தெரிந்தால்தான் பல்க்குக்குச் சம்மதம் கொடு.

சீனியரிடம் சண்டை போடாதே, அம்மிணி. ரிப்பின் 40, 60 ரிப்போர்ட் இரண்டும், டம்பிளில் காயவைத்த ஷ்ரிங்கேஜ் எண்ணும் வரும்வரை ஆர்ட்வொர்க்கை நிறுத்தி வைக்கட்டுமா என்று மட்டும் கேள். ரிப்போர்ட் வந்ததும் துவைத்த சட்டையோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, உட்கார்ந்து ஐந்து படத்தையும் முடித்துவிடலாம்.

அன்புடன்,
பெரியப்பா