சாமி பணமே பேங்க்ல மாட்டிக்கிச்சு!

"வேலை இருக்குமா போகுமான்னே தெரியல சார், ஆனா முருகன் பாத்துக்குவார்." வடபழஞ்சி ஐடி பார்க்ல வேலை பாக்குற பசங்ககிட்ட இதை அடிக்கடி கேக்குறேன். திருப்பரங்குன்றத்துல உக்காந்துகிட்டு இந்த நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு கேப்பேன்: உங்க பணம் எங்க இருக்கு? பெரும்பாலும் சம்பள அக்கவுண்ட் இருக்கிற அதே பேங்க்லதான் மொத்தமும் இருக்கும்.

2020 மார்ச் 5-க்குப் போவோம். அன்னிக்கு சாயங்காலம் யெஸ் பேங்க் மேல தடை வந்தது. ஒருத்தர் அதிகபட்சம் 50,000 ரூபாய்தான் எடுக்கலாம். எத்தனை அக்கவுண்ட் வெச்சிருந்தாலும் சேர்த்து அவ்வளவுதான். வைத்தியம், படிப்பு, கல்யாணம் மாதிரி அவசரத்துக்கு மட்டும் அனுமதியோட 5 லட்சம் வரை. அந்த பேங்க்கை நம்பி ஓடின போன்பே கூட ராத்திரியோட ராத்திரியா நின்னுபோச்சு.

அதுல மாட்டின டெபாசிட்தாரர்கள்ல ஒருத்தர் பூரி ஜெகந்நாதர். கோயில் பேர்ல இருந்த டெபாசிட் 545 கோடி ரூபாய். ஒடிசாவே பதறிப்போச்சு; மாநில நிதியமைச்சர் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அதே பேங்க்ல போட்டிருந்த 1,300 கோடியை திருப்பதி தேவஸ்தானம் சில மாசம் முன்னாடியே வெளிய எடுத்திருந்தது.

இதை வெச்சு ஏழுமலையான் உஷார், ஜெகந்நாதர் ஏமாந்துட்டார்னு யாராவது சொல்லுவோமா? ரெண்டு இடத்துலயும் எங்க போடணும், எப்ப எடுக்கணும்னு முடிவு பண்ணது மனுஷங்கதான். பக்தி ரெண்டு ஊர்லயும் குறைவில்ல.

எஸ்பிஐ தலைமையில பல பேங்க் பணம் போட்டு, மார்ச் 18 சாயங்காலம் தடை நீங்குச்சு. டெபாசிட் போட்டவங்க யாருக்கும் பணம் போகல. ஆனா அதே பேங்க்கோட ஏடி-1 பாண்டு வாங்கினவங்களுக்கு 8,400 கோடிக்கு மேல பூஜ்யமாச்சு. "எஃப்டி மாதிரிதான் சார், வட்டி கூட" அப்படின்னு சொல்லி வித்ததை நம்பினவங்க அதுல நிறைய பேர். எனக்கு இன்னிக்கும் ஆறாத கோபம் இது.

இப்ப உங்க கணக்கு. பேங்க் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு: ஒருத்தருக்கு, ஒரு பேங்க்ல, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். அந்தத் தடைக்கு ஒரு மாசம் முன்னாடிதான், 2020 பிப்ரவரி 4-ல, இதை 1 லட்சத்துலேர்ந்து ஏத்தினாங்க. அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணம் 8 லட்சம் ஒரே பேங்க்ல நாலு எஃப்டியா இருந்தாலும், வேற வேற கிளையில இருந்தாலும், கவர் ஆகுறது 5 லட்சம்தான். ரெண்டு பேங்க்ல நாலு நாலா பிரிச்சா வட்டியோட சேர்த்து முழுசும் கவர் ஆகும். சீட்டு கம்பெனி, ரியல் எஸ்டேட் கம்பெனி வாங்குற "டெபாசிட்" எதுக்கும் இந்த இன்சூரன்ஸ் கிடையாது. "கோயில் கமிட்டில இருக்கிறவர்தான் நடத்துறார்" அப்படிங்கிறது இன்சூரன்ஸ் ஆகாது.

லே-ஆஃப் பயம் இருக்கிறவங்க இதோட இன்னொண்ணும் பாக்கணும். மாசச் செலவு 25,000 ரூபாய்னா ஆறு மாசத்துக்கு 1.5 லட்சம் தனியா வேணும், அதுவும் சம்பளம் வராத வேற பேங்க்ல. யுபிஐ-யும் ரெண்டு பேங்க்லயும் இணைச்சு வைங்க. மொத்தமா முடியலன்னா முதல்ல ஒரு மாச வாடகையும் இஎம்ஐ-யும்.

நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இது புதுசே இல்ல. கஷ்டம்னா மஞ்சத் துணியில காசு முடிஞ்சு சாமிகிட்ட வேண்டிக்குவாங்க; அதே கையால அஞ்சறைப் பெட்டியில நூறு ரூபாயை ஒளிச்சும் வைப்பாங்க. வேண்டுதலுக்கும் அந்த நூறு ரூபாய்க்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்ல. வேண்டுதலை நிறைவேத்த கிரெடிட் கார்டைத் தேய்க்கிறதைத்தான் இப்ப பாக்குறேன். நேர்த்திக்கடனுக்கு முருகன் டியூ டேட் போடல, கார்டுக்கு உண்டு; வட்டி மாசம் மூணு, மூணரை சதவீதம்.

இந்த வாரம் அப்பா, அம்மா பாஸ்புக், எஃப்டி ரசீது எல்லாத்தையும் எடுத்து, பேங்க் வாரியா கூட்டிப் பாருங்க. 5 லட்சத்தைத் தாண்டுறது எதுன்னு தெரிஞ்சா, அந்த எஃப்டி முதிர்வுத் தேதியை போன்ல அலாரமா போட்டுடுங்க. அன்னிக்கு மாத்தினா அபராதம் இருக்காது.